இடம் இருக்கிறது, எண் இல்லை

என்னுடைய 2009-ஆம் வருடத்து டைரியில், ஜூன் மாதப் பக்கம் ஒன்றில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். "ஐநோடு". பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எழுதும்போது அர்த்தம் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். டைரி பரணுக்குப் போனது. போன தீபாவளிக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பாட்டுக்கு நடுவில் போன் வந்தது. ஒரு கையில் போனோடு, "டிஸ்க் பாதிதான் நிறைஞ்சிருக்கு, ஆனா ஐநோடு தீர்ந்துபோச்சு" என்று யாருக்கோ சொன்னான். எனக்குச் சாதம் இறங்கவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரு லினக்ஸ் சர்வரில் சேர்த்துவைக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் என்றால் பள்ளி சேர்க்கை. வாசல் வரை வரிசை நிற்கும். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் எதையும் சேமிக்க மறுத்துவிட்டது. "சாதனத்தில் இடம் மீதமில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் திரையில் வரும். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த தம்பி ஒருவர் இருந்தார், வயது இருபத்திமூன்று இருக்கும். என்னிடம் வந்து, "சார், பாதிக்கு மேல இடம் காலியா இருக்குன்னு காட்டுது. ஆனா எழுத மாட்டேங்குது சார்" என்றார். மேலதிகாரிக்குக் கோபம். இடம் காலி என்கிறாய், இடமில்லை என்கிறாய், எதை நம்புவது? மதியம் அந்தத் தம்பி இரண்டு முறை ஸ்கேன் ஆன பழைய படங்கள் என்று சொல்லி நூற்றுக்கணக்கில் அழித்தார். கொஞ்ச நேரம் வேலை நடந்தது. மாலைக்குள் மறுபடி நின்றது.

மறுநாள் அவர்மேல் குறிப்பு எழுதச் சொன்னார்கள். வரைவு என் கையெழுத்தில்தான். அனுமதியின்றி ஆவணப் பிம்பங்களை அழித்தது, கவனக்குறைவு, முன்னுக்குப் பின் முரணான விளக்கம். அந்த மூன்றாவது வாசகம் என்னுடைய சொந்தச் சரக்கு. எழுதியபோது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாத முடிவில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதற்குள் வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து அரை நாள் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, "ஐநோடு தீர்ந்துபோச்சு சார், டோக்கன் ஃபைல் லட்சக்கணக்குல கிடந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லைத்தான் டைரியில் எழுதினேன். குறிப்பை யாரும் திருத்தவில்லை. நானும்தான்.

தீபாவளிக்குப் பிறகு இந்த ஐநோடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருமகனைப் போனில் படுத்திய பாடு அவனுக்குத்தான் தெரியும். படித்ததை என் போன்ற குமாஸ்தாக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு எத்தா சிவில் பதிவேடு எப்படி இருக்கும் என்று தெரியும். பிறப்பு, திருமணம், இறப்பு. பிரெஞ்சு சிவில் சட்டப்படி அந்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே தாள்களுக்கு எண் போட்டு, ஒவ்வொரு தாளிலும் நீதிமன்றத் தலைவர் சுருக்கொப்பம் இட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு தாளைச் செருகவும் முடியாது, கிழிக்கவும் முடியாது. நூறு தாள் என்றால் நூறுதான். அறையில் அலமாரி காலியாக இருக்கலாம், மை நிறைய இருக்கலாம். தாள் தீர்ந்தால் அந்தப் பதிவேட்டில் குழந்தை பிறக்காது.

ஐநோடும் அப்படி ஒரு தாள்தான். கம்ப்யூட்டரில் நாம் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்கில் ஒரு சின்னப் பதிவு உண்டு. கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், எத்தனை பைட், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அதன் உள்ளடக்கம் டிஸ்கில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. கோப்பின் பெயர்! பெயர் தனியாக, பிரெஞ்சில் ரெப்பெர்த்துவார் என்கிறோமே, அந்த அட்டவணையில் இருக்கும். பெயருக்கு நேராக ஐநோடு எண், அவ்வளவுதான். அதனால் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கலாம். நம் ஊரில் 1881 ஆணைப்படி பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பெயர், மேரியில் ஒரு பெயர், ஆள் ஒருவர்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் இருந்தார்கள். 1969-ஆம் வருடம். மல்டிக்ஸ் என்ற பெரிய கூட்டுத் திட்டத்திலிருந்து அந்த ஆய்வகம் விலகிக்கொண்டது. கையில் பெரிய எந்திரம் இல்லை. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி, ரட் கனடே மூவரும் கரும்பலகையிலும் தாளிலும் ஒரு கோப்பு முறையை வரைந்தார்கள். பிறகு பிடிபி-7 என்ற, அப்போதே பழையதாகிவிட்ட ஒரு எந்திரத்தில் தாம்சன் அதை ஓட வைத்தார். யூனிக்ஸ் அப்படித்தான் பிறந்தது. ஐநோடுகளின் வரிசை முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. "ஐ" என்றால் என்ன என்று பின்னாளில் ரிட்சியிடம் கேட்டபோது, தனக்கே நிச்சயமாகத் தெரியாது, இன்டெக்ஸ் என்பதாக இருக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது ஆச்சரியமில்லை. அலுவலகத்தில் தினமும் எழுதும் சுருக்கெழுத்துகளில் பாதிக்கு விரிவு தெரியாமல்தான் ஓய்வு பெற்றேன். ரிட்சி காலமானது 2011 அக்டோபரில், நான் ஓய்வு பெற்ற அதே வருடம்.

அந்த முதல் யூனிக்ஸில் இரண்டு குறைகள் இருந்தன. ஐநோடுகள் எல்லாம் டிஸ்கின் முன்பகுதியில், கோப்புகளின் உள்ளடக்கம் பின்னால். பதிவேடு ஒரு கட்டடத்திலும் கட்டுகள் வேறு கட்டடத்திலும் இருப்பது போல. ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்கின் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும். இரண்டாவது குறைதான் சிதறல். காலியான கட்டங்களை ஒன்றோடு ஒன்று கோர்த்து ஒரு சங்கிலியாக வைத்திருந்தார்கள். புதுசில் சங்கிலி வரிசையாக இருக்கும். கோப்புகளை அழித்து எழுதி, அழித்து எழுதி, சங்கிலி தாறுமாறாகிவிடும். அப்புறம் எழுதப்படும் ஒரு கோப்பின் முதல் கட்டம் ஒரு மூலையில், அடுத்தது இன்னொரு மூலையில். ரெக்கார்டு ரூமில் எடுத்த கட்டை எடுத்த இடத்தில் வைக்காமல், கைக்கு எட்டிய தட்டில் சொருகிவிட்டுப் போனால் ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அளந்து காட்டியவர்கள் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர். மார்ஷல் கிர்க் மெக்குசிக், பில் ஜாய், சாமுவேல் லெஃப்ளர், ராபர்ட் ஃபேப்ரி ஆகிய நால்வர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. புதிதாக உருவாக்கியதும் வினாடிக்கு 175 கிலோபைட் வரை தந்த கோப்பு முறை, சில வாரச் சாதாரண உபயோகத்திலேயே 30 கிலோபைட்டுக்கு இறங்கிவிட்டது. கம்பி அறுபடவில்லை, எந்திரம் கெடவில்லை. ஒழுங்கு குலைந்ததுதான் காரணம்.

அவர்கள் செய்த திருத்தம் நம் தாலுகா அலுவலக ஏற்பாடு போன்றது. டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஐநோடு வரிசை, தனிக் காலி இட வரைபடம் கொடுத்தார்கள். ஒரே அட்டவணையைச் சேர்ந்த கோப்புகளைக் கூடியவரை ஒரே பகுதியில் வைத்தார்கள். பத்து சதவீத இடத்தை எப்போதும் காலியாக விடச் சொன்னார்கள். டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் கிடைக்காமல் வேகம் பாதியாகிவிடும் என்று கண்டிருந்தார்கள். இதெல்லாம் சரி. ஐநோடு எத்தனை என்ற கேள்விக்கு வரும்போது, 2048 பைட் இடத்துக்கு ஒரு ஐநோடு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, இது எந்தக் காலத்திலும் தேவைப்படுவதைவிட மிக அதிகம் என்று எழுதினார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் ஜூன் மாதக் கலவரத்தின் விதை அங்கே இருந்தது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தொடக்கத்தில் அதற்குச் சொந்தமாகக் கோப்பு முறை இல்லை. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல எழுதிய மினிக்ஸின் முறையைத்தான் கடன் வாங்கியிருந்தது. அதில் ஒரு பகுதி 64 மெகாபைட்டுக்கு மேல் போகாது. கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேல் கூடாது. இந்தத் தளையை உடைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ரெமி கார். ஆங்கிலக்காரர்கள் கடைசி எழுத்தையும் சேர்த்துக் கார்டு என்பார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்து ஊமை. 1992 ஏப்ரலில் அவர் எழுதியது எக்ஸ்ட், அதாவது விரிவாக்கப்பட்ட கோப்பு முறை. 2 கிகாபைட் வரை போகும், பெயர் 255 எழுத்து வரை வைக்கலாம்.

அவர் வேலை பார்த்தது பாரீஸில், பிளேஸ் பாஸ்கல் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் மாஸி ஆய்வகத்தில். (மாசி மாதம் அல்ல.) பாஸ்கலை எங்களுக்குப் பள்ளியில் தத்துவ ஆசிரியராகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ரூவான் நகரில் வரி அதிகாரியாக இருந்த அப்பா கூட்டிக் கழித்து அல்லாடுவதைப் பார்த்து, 1642-இல் அவருக்காகக் கணக்குப் போடும் எந்திரம் செய்ய ஆரம்பித்த மகன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு குமாஸ்தா வீட்டுப் பிள்ளை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு ஒர்தினத்தேர் என்று பெயர். 1955-இல் ஐபிஎம் நிறுவனம் கேட்டதற்காக ஜாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல், ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். கம்ப்யூட்டர் கோப்புக்கு ஃபிஷ்யே என்கிறார்கள். குறிப்பு அட்டைகள் அடுக்கிவைக்கும் பெட்டிக்கும் அதே சொல்தான். நூலகத்தில் மர இழுப்பறையை இழுத்து விரலால் அட்டைகளைத் தள்ளித் தேடியிருக்கிறோம் அல்லவா, அதேதான். ஆகவே எனக்கு ஐநோடு புரிவதற்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு உதவியது என்பேன். மருமகன் சிரிக்கிறான்.

ரெமி காரின் முதல் முயற்சியில் ஒரு தவறு நேர்ந்தது. காலி இடத்தையும் காலி ஐநோடுகளையும் அவரும் சங்கிலியாகவே கோர்த்தார். பெர்க்லிக்காரர்கள் எதைச் சுட்டிக்காட்டினார்களோ அதே சங்கிலி! உபயோகிக்க உபயோகிக்க வரிசை குலைந்து, கோப்புகள் சிதறின. அவர் அதை மறைக்கவில்லை. 1993 ஜனவரியில் இரண்டாவது எக்ஸ்டைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எம்ஐடியிலிருந்து தியோடர் சோ, எடின்பரோவிலிருந்து ஸ்டீபன் ட்வீடி என இருவர் சேர்ந்துகொண்டார்கள். பெர்க்லி வழியில் டிஸ்கைத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். சங்கிலியை எடுத்துவிட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று காலி, நிறைவு காட்டும் வரைபடம் வைத்தார்கள். ஒரு கோப்பு வளரும்போது ஒட்டினாற்போல எட்டுக் கட்டம் வரை முன்பதிவு செய்தார்கள். நிர்வாகிக்கென்று ஐந்து சதவீத இடம் ஒதுக்கினார்கள். தன் முந்தைய வேலையின் குறையை ஏற்றுக்கொண்டு பின்னர் மூவர் பெயரில் கட்டுரையும் எழுதினார்கள். அதைப் படித்தபோது என் வரைவுக் குறிப்பு நினைவுக்கு வந்தது. போகட்டும், அதற்கு வருகிறேன்.

ஆனால் ஐநோடுகளின் எண்ணிக்கையை டிஸ்கை முதலில் தயார்செய்யும் அன்றே தீர்மானிப்பது என்ற பழைய வழக்கம் இரண்டாவது எக்ஸ்டிலும் தொடர்ந்தது. 2001-இல் லினக்ஸோடு சேர்ந்த மூன்றாவதிலும், 2008-இல் நிலைபெற்ற நான்காவதிலும் அப்படியே. இப்போது வழக்கமான அளவு 16,384 பைட்டுக்கு ஒன்று. நூறு கிகாபைட் டிஸ்க் என்றால் ஏறக்குறைய 65 லட்சம் ஐநோடு. சினிமாப் படம் சேமிப்பவருக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் போதும். பொடிப்பொடிக் கோப்புகள் சேர்ப்பவருக்குப் போதாது. ஒன்றுமே எழுதாத வெற்றுக் கோப்புக்கும் ஒரு ஐநோடு முழுசாக வேண்டும். வெற்றுத்தாளானாலும் டெஸ்பாட்ச் எண் போட்டால் எண் போனதுதானே.

எங்கள் சர்வரில் நடந்ததும் இதுதான். யாராவது அந்த மென்பொருளுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு சின்ன டோக்கன் கோப்பு உருவாகும். பழைய டோக்கன்களைக் கூட்டிப் பெருக்கித் தள்ள ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். அது ஏதோ ஒரு மாற்றத்தில் நின்றுபோயிருக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த டோக்கன்கள் எண்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. இடம் பாதிக்கு மேல் காலி. லினக்ஸோ இடம் தீர்ந்தாலும் எண் தீர்ந்தாலும் ஒரே வாசகத்தைத்தான் சொல்லும். அந்தத் தம்பி 'டிஎஃப்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்திருக்கிறார், அது இடத்தைக் காட்டியது. அதே கட்டளையோடு ஒரு சின்னக் கோடும் ஐ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்திருந்தால் ஐநோடு நூறு சதவீதம் நிறைந்ததைக் காட்டியிருக்கும். ஓர் எழுத்து!

அவர் பழைய படங்களை அழித்ததும் ஏன் கொஞ்ச நேரம் ஓடியது என்பதும் இப்போது விளங்குகிறது. அழித்த ஒவ்வொரு படமும் ஒரு எண்ணை விடுவித்தது. விடுபட்ட எண்களைப் புதுச் சான்றிதழ்களும் புது டோக்கன்களும் மாலைக்குள் தின்றுதீர்த்தன. படம் பெரிதா சிறிதா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. வந்த இன்ஜினியருக்கு அரை நாள் ஆனதற்கும் காரணம் உண்டு. லட்சக்கணக்கான கோப்புகளை மொத்தமாக அழிக்கச் சொன்னால், பட்டியல் மிக நீளம் என்று கட்டளையே மறுத்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழிக்கும் வேறு வழியில் போக வேண்டும்.

சிதறல் நோய் லினக்ஸில் இன்று அவ்வளவு கவலைக்குரியதல்ல என்கிறான் மருமகன். நான்காவது எக்ஸ்ட் உடனே எழுதிவிடாமல் கொஞ்சம் பொறுத்து, கோப்பு எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு நீளமாக ஒரே இடம் கொடுக்கிறது. முள்ளே இல்லாத புதுவகை டிஸ்குகளும் வந்துவிட்டன. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தொண்ணூறுகளில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் முறையில் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப அவ்வப்போது உண்டாக்கிக்கொள்ளலாம், முன்கூட்டி எண் போடும் பேச்சே இல்லை. எங்கள் சர்வரில் அது இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

குறிப்புக்கு வருகிறேன். "முன்னுக்குப் பின் முரணான விளக்கம்" என்று எழுதினேன். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. இடம் இருந்தது, எழுதவும் முடியவில்லை. அவர் கண்ணால் கண்டதை அப்படியே சொன்னார். தாள் தீர்ந்தால் பதிவு இல்லை என்று சின்ன வயதிலேயே தெரிந்திருந்த எனக்காவது அன்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழித்த படங்களின் மூலத்தாள்கள் கட்டில் பத்திரமாக இருந்தன என்பதையும் குறிப்பில் நான் எழுதவில்லை. இன்ஜினியர் வந்துபோன பிறகு ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. இரண்டு வரி எழுதி மேலே அனுப்பியிருக்கலாம்.

அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. வில்லியனூர் பக்கம் வீடு, சைக்கிளில் வருவார், மதியம் தயிர்ச்சாதத்தில் பாதியை எனக்குத் தருவார். பழைய சகாக்கள் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன், திருப்பூர் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், பெங்களூர் என்றார் இன்னொருவர். தம்பி, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் உங்களுக்கே புரியும். அன்று நடந்தது என்ன, காரணம் என்ன, யார் பிழை என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு இப்போது அது எதற்கும் பயன்படாமல் போகலாம். நான் வீடு மாறவில்லை. நாலு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.